துறை உடைந்தால் தோணியை எறிவதா?

கணினியின் பின்பக்கத்தில் வயர் செருகும் துவாரங்களுக்குத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் 'துறை' என்று பெயர். கரையோரத்தில் பிறந்த எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். தோணி வந்து ஒதுங்கும் இடமும் துறைதான், தரவு வந்து ஒதுங்கும் இடமும் துறைதான். எங்கள் எலுவன்குளத்துக்கு அப்பால், கலா ஓயா களப்பில் கலக்கும் கங்கேவாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளத்தில் ஒரு துறை கரைந்து போனால் மீனவர்கள் தோணியைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு துறையில் கட்டுவார்கள். தோணியைப் பிளந்து விறகாக்கியவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கணினி என்று வந்துவிட்டால் மட்டும் நமது புத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரு துறை பழுதானால் "மெஷின் முடிஞ்சு" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சோடுதான் எனக்கு வழக்கு.

எங்கள் வீட்டில் உடைந்தது சாதாரணத் துறை அல்ல. அதிலே மின்சாரம் வராது, வெளிச்சம் வரும். ஒலியை ஒளியாக மாற்றி அனுப்பும் துறை. சிறிய சதுரமாக, எலிப்பொறி வாசல் போல ஒரு குட்டிக் கதவோடு இருக்கும். கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக மினுங்கும். 1983 ஆம் ஆண்டு ஜப்பானின் தொஷிபா நிறுவனம் சீடி பிளேயரை ஒலிபெருக்கியோடு இணைப்பதற்காகக் கொண்டுவந்த முறை இது. அதனால்தான் 'டொஸ்லிங்க்' என்று பெயர். பாட்டோ பாடமோ பூச்சியம் ஒன்று என்ற எண்களாக மாறி, அந்த எண்களுக்கு ஏற்பச் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. எவ்வளவு வேகம் தெரியுமா? சீடியின் தரத்தில் ஒலியை அனுப்ப நொடிக்கு 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகள் போகவேண்டும். நமது கண்ணுக்கு அது அசையாமல் எரியும் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

அந்த வெளிச்சத்தைக் கொண்டுபோகும் வயருக்குள் செம்பு கிடையாது. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் இழை ஒன்றுதான் இருக்கிறது. பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இது பழைய கதை: அடர்ந்த ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்துக்குப் போக முயலும் கதிர், அவதிக் கோணத்தை விடச் சாய்ந்து விழுந்தால் வெளியேற முடியாமல் உள்ளேயே தெறித்துத் திரும்பும். இழையின் அகட்டின் முறிவுச் சுட்டி 1.49, போர்வையின் முறிவுச் சுட்டி 1.40 என்று வைத்துக் கணித்தால் அவதிக் கோணம் ஏறக்குறைய 70 பாகை வருகிறது. நான் பரீட்சைக்காகப் பல தடவை செய்த கணக்கு இது. கணக்குக்குள் வந்த இழை எங்கள் வீட்டு மேசைக்குப் பின்னால் தூசு படிந்து கிடக்கிறது என்பது வயர் கழன்ற அன்றுதான் எனக்கு உறைத்தது. பாடப் புத்தகத்தில் அதன் படம் மட்டும்தானே இருக்கிறது!

கதிர் முறிவின் விதியைச் சினெலின் விதி என்று மனனம் செய்கிறோம். சினெல் பிறப்பதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 984 அளவில், பக்தாதில் இப்னு சஹ்ல் என்ற அறிஞர் எரிகண்ணாடிகளைப் பற்றி எழுதிய நூலில் அதே விதியைக் கேத்திர கணித முறையில் பயன்படுத்தியிருக்கிறார். எரிக்கும் வில்லையைச் செய்வதற்கு வழி தேடியவருக்குத்தான் விதி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். நமது காலத்துக்குக் கிட்ட வந்தால், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954 இல் இலண்டனில் ஹெறோல்ட் ஹொப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கட்டு ஒன்றின் வழியாக ஓர் உருவத்தையே அனுப்பிக் காட்டினார். 1966 இல் சார்ள்ஸ் காவோ, ஒளி தூரம் போகாமல் மங்குவதற்குக் காரணம் கண்ணாடியில் உள்ள அசுத்தம்தான் என்று எடுத்துக்காட்டினார். 2009 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இன்று கடலுக்கடியில் நாடுகளை இணைக்கும் இழைகள் அந்த வழியில் வந்தவை. எங்கள் மேசைக்குப் பின்னால் கிடப்பது அவற்றின் ஏழைத் தங்கை.

எங்கள் கணினி பாவித்த கணினி. ஸ்பீக்கர் பெட்டி, வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. இந்த இரண்டையும் முதலில் பச்சைத் துளையில் சாதாரண வயரால் இணைத்திருந்தோம். பாடத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கும். கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நில இணைப்பு வேறு வேறாக இருந்தால் அந்த வயர் வழியாகத் தேவையற்ற மின்னோட்டம் சுற்றி இப்படி இரையும் என்று பிறகு படித்தேன். பச்சைத் துளையும் ஒரு நாள் செத்துப்போனது. ஒளித்துறைக்கு மாறியதும் ஊமை இரைச்சல் நின்றுவிட்டது. வெளிச்சம் மின்னைச் சுமப்பதில்லை, ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் மின்தொடர்பே இல்லை. இடி மின்னல் பொல்லாத எங்கள் பக்கத்துக்கு அது ஒரு சிறு பாதுகாப்பும்கூட.

இந்தச் சத்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாரி காலத்தில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீருக்குள் போய்விடும், மன்னார்ப் பாதை மூடப்படும். புத்தளம் போகும் பஸ்ஸையும் அந்த நாட்களில் நம்ப முடியாது. பிரத்தியேக வகுப்புக்குப் போக முடியாத நாங்கள் ஐந்து பேர், ஆசிரியர்கள் பதிவு செய்து தந்த பாடங்களைப் பென் டிரைவில் போட்டு எங்கள் வீட்டில் கூடிக் கேட்போம். ஐந்து பேரும் ஒரு போனைச் சுற்றியிருந்து கேட்கலாம்தான். ஓட்டுக் கூரையில் மழை கொட்டும்போது கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீடு சுத்தம் செய்தபோது மேசை சுவரோடு தள்ளப்பட்டது. செருகியிருந்த பிளக் மடங்கி, துறையின் சதுரச் சட்டம் வெடித்து, குட்டிக் கதவும் உள்ளே விழுந்துவிட்டது. இழை 1 மில்லிமீற்றர்தான். சட்டம் பிளக்கை நேராகப் பிடிக்காவிட்டால் வெளிச்சம் இழையின் வாயில் விழாமல் பக்கத்தில் விழும். சத்தம் இரண்டு நொடி வரும், மூன்று நொடி போகும். பிறகு போயே போய்விட்டது.

நானாவும் நானும் கணினியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போனோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். என்ன உடைந்தது, எப்போதிருந்து, வெளிச்சம் வருகிறதா இல்லையா என்றெல்லாம் சொன்னது நான். கடைக்காரர் பதில் சொன்னது நானாவுக்கு. "போர்ட் மாத்தணும் தம்பி, இருபத்தையாயிரம் வரும். அதுக்குப் பேசாம வேற மெஷின் ஒண்டு எடுங்க, இத எறிஞ்சிருங்க" என்றார். போர்ட் என்று அவர் சொன்னது தாய்ப்பலகையை. கணினியின் எந்தப் பக்கத்தில் எந்தத் துளை இருக்கிறது என்றுகூட நானாவுக்குத் தெரியாது, பாவம். அவர் படிப்பது கணக்கியல். ஆனாலும் பதில் அவருக்குத்தான்.

கடைக்காரரை நான் வில்லனாக்கவில்லை. அந்தத் துறை தாய்ப்பலகையில் ஒட்டியிருப்பது மூன்றே மூன்று கால்களால்: ஒன்று மின் வழங்க, ஒன்று நிலத்துக்கு, ஒன்று சமிக்ஞைக்கு. பழைய பற்றாசை உருக்கி எடுத்துவிட்டுப் புதிய துறையை வைக்கலாம். உதிரிப்பாகம் மலிவு, ஆனால் பல படைகள் கொண்ட பலகையில் சூடு கூடினால் பக்கத்திலுள்ளவையும் போய்விடும். ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து வேலை செய்துவிட்டு அதற்கான கூலியைக் கேட்டால் "இந்தச் சாமானுக்கா இவ்வளவு?" என்று நாமே சண்டைக்குப் போவோம். முழுப் பலகையையும் மாற்றினால் பேரம் இல்லை, பொறுப்பும் இல்லை. அவர் அப்படிச் சொல்வதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது. அதைக் கேட்டுத் தலையாட்டுவதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அதிலும் 'எறிஞ்சிருங்க' என்ற சொல். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ தெரியாது. வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில் பிறந்த பிள்ளைக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டார்கள். கொழும்பின் குப்பையை வேறெங்காவது கொண்டுபோகவேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு சூடு பிடித்தது. அந்த 'வேறெங்காவது' எங்கள் பக்கத்து அருவக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டப்படும் பூமி அது. சுமார் 170 கிலோமீற்றர் தூரம் இரயிலில் குப்பை வரும் என்று திட்டம் போட்டார்கள். 2018 இலும் 2019 இலும் புத்தளத்து மக்கள், பெண்கள் பிள்ளைகள் எல்லோருமாக, வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 2019 ஓகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன. நான் அப்போது ஆரம்ப வகுப்பு மாணவி. பெரியவர்கள் பேசிக்கொண்ட எல்லாம் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது: எறிந்தது மறைந்து போவதில்லை, இன்னொருவர் ஊருக்குப் போகிறது.

கணினி வெறும் குப்பையும் அல்ல. பழைய பற்றாசில் ஈயம் இருக்கிறது. வயர்களை எரித்தால் நச்சுப் புகை வரும். 2022 ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மிச்சம் எங்கேயோ யாருடைய ஊரிலோ இருக்கிறது. இவ்வளவுக்கும் எங்கள் கணினியில் உடைந்தது ஒரு விரல் நகத்தளவு பிளாஸ்ரிக். மற்றதெல்லாம் சுகமாகவே இருந்தது.

காசுக் கணக்கும் உண்டு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதை நமது வீடுகள் மறக்கவில்லை. அந்த வருடம் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. வெளியிலிருந்து வரும் எந்தச் சாமானும் நமக்கு இனிப் பழைய விலைக்குக் கிடைக்கப் போவதில்லை. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம், பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. வசதியுள்ள நாடுகளே திருத்திப் பாவிக்க வழி தேடும்போது நாம் எறிவதில் முந்திக்கொள்வது வேடிக்கைதான்.

சரி, எங்கள் கணினிக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவீர்கள். ஒலி போவதற்கு வேறு துறை இருக்கிறதா என்று தேடினோம். பச்சைத் துளை செத்தது. எங்கள் திரை பழையது, அதில் ஸ்பீக்கர் இல்லை. எச்டிஎம்ஐ உள்ள திரையாக இருந்தால் படத்தோடு சத்தமும் அதே வயரில் போயிருக்கும். யூஎஸ்பி துறைகள் ஆறு இருந்தன, ஐந்து சும்மா கிடந்தன. யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்று, கட்டைவிரல் அளவு, ஆயிரம் ரூபாவுக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. அதைச் செருகி, ஒலி அமைப்பில் அதைத் தெரிவுசெய்து, ஸ்பீக்கரின் சிவப்பு வெள்ளைத் துளைகளில் வயரைக் கொடுத்தோம். பாடம் பேசத் தொடங்கியது. 'ம்ம்ம்' என்ற பழைய சனியனும் கூடவே வந்தது. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டி பிளக்கில் குத்தியதும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஒளித்துறையின் தெளிவு இதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஐந்து பேருக்கு மழையை மீறிக் கேட்கிறது.

உடைந்த துறை இன்னும் உடைந்தேதான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையின் ஓரத்தில் 'எஸ்பிடிஐஎஃப் அவுட்' என்று எழுதிய சில ஊசிகளைக் கண்டேன். உடைந்த துறையைத் தொடாமலே, அந்த ஊசிகளில் ஒரு வயரைக் கொடுத்துப் புதிய ஒளித்துறை ஒன்றைப் பின்பக்கத்தில் பூட்டலாமாம். எல்லாப் பலகைகளிலும் அந்த ஊசிகள் இருக்காது, எங்களுடையதில் இருக்கிறது. அந்தச் சிறு சாமான் புத்தளத்தில் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும் யாரையாவது பிடித்து வாங்கவேண்டும். அவசரமில்லை.

இதே பழுது உங்களுக்கும் வந்தால், கடைக்குப் போக முன் இதைச் செய்து பாருங்கள். வயரைக் கழற்றிவிட்டுத் துறைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். சிவப்பு விழுந்தால் அனுப்பும் விளக்கு உயிரோடு இருக்கிறது. பிறகு வயரைச் செருகி அதன் மறுமுனையைத் தாளில் காட்டுங்கள். அங்கே சிவப்பு இல்லாவிட்டால் பிழை வயரில், அல்லது பிளக் நேராக உட்காராத சட்டத்தில். இரண்டு இடத்திலும் சிவப்பு இருந்தும் சத்தம் இல்லையென்றால், கணினியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஸ்பீக்கர்களுக்கு டொல்பி முறை விளங்காது, சாதாரண பீசிஎம் என்று மாற்றினால் பேசும். உள்ளே திறப்பதானால் முதலில் மின்சாரத்தைக் கழற்றுங்கள், இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்குங்கள், மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பற்றாசுக்கோலைத் தூக்கும்படி நான் சொல்லவில்லை. அது பழகியவர் வேலை.

"அந்தத் துறை பழைய காலத்தது, இப்போது எல்லாம் புளூடூத்" என்று ஒரு தோழி சிரித்தாள். உண்மைதான், புதிய கணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் புதிய கணினி இருக்கிறது? நாம் பாவிப்பது பிறர் பாவித்துவிட்ட கணினி. அவர்களுக்குப் பழையதானது நமக்குப் புதியதாக வருகிறது. அப்படியிருக்க அதைத் திருத்தத் தெரியாமல் இருப்பது வசதியுள்ளவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

நமது பாடத்திட்டத்தில் எண் முறைமை மாற்றம் இருக்கிறது, தர்க்கப் படலை இருக்கிறது, தரவுத்தளம் இருக்கிறது. எல்லாம் தேவையானவை. ஆனால் மூன்று வருடம் தகவல் தொழினுட்பம் படித்த பிள்ளை ஒரு கணினியின் பக்கக் கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டியதில்லை. தாய்ப்பலகையின் படத்தை வரைந்து பெயர் குறித்தால் புள்ளி. நமது உம்மாமார் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, ஊசியின் நேரம் பிசகினால் தாங்களே சரிசெய்கிறார்கள். அது பெண்ணுக்குப் பொருந்தாத வேலை என்று யாரும் சொன்னதில்லை. திருகாணி தையல் மெஷினில் இருந்தால் உம்மாவுக்கு, கணினியில் இருந்தால் நானாவுக்கு என்று பிரித்தது யார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடையில் எனக்குப் பதில் கிடைக்காததைப் பற்றிக் கோபித்து ஒரு கவிதை எழுதியிருக்கலாம். இந்தச் சஞ்சிகையில் அதற்கும் இடம் இருந்திருக்கும். அதைவிட எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. நமது கல்லூரியின் பின்னறை ஒன்றில் கழித்துவிடப்பட்ட மூன்று கணினிகள் துணி போர்த்திக் கிடக்கின்றன. இலக்கிய மன்றமும் விஞ்ஞான மன்றமும் கூடுவது போல, புதன்கிழமை பாடசாலை விட்ட பின் ஒரு மணித்தியாலம், ஒரு மேசை, இரண்டு திருகாணிச் செலுத்திகள், தூசு தட்ட ஒரு தூரிகை தந்தால் போதும். தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் பேசிவிட்டேன். அதிபரின் அனுமதிக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது, ஒன்பது பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள். இதை வாசிக்கும் தரம் 12 மாணவியர் யாராவது சேர விரும்பினால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.